இரசிகனும் படைப்பாளியும்: காங்கேசன்துறை இசைநாடக மரபை முன்னிறுத்திச் சில சிந்தனைகள்

1

நமது இலக்கிய வரலாறுகளில் புலவர் உண்டு, புரவலர் உண்டு, உரையாசிரியர் உண்டு, பதிப்பாசிரியரும் உண்டு. இரசிகன் மாத்திரம் இல்லை. ஒரு நாடகத்தை நூறு தடவை பார்த்தவன், அதன் பாட்டுகளை வயலிலும் வள்ளத்திலும் பாடியவன், பாத்திரங்களைத் தன் ஊர் மனிதரோடு ஒப்பிட்டுப் பேசியவன், ஈற்றில் தானே அரிதாரம் பூசி மேடையேறியவன் ஆகியோரைப் பற்றி எமது வரலாற்றாசிரியர்கள் எழுதியவை மிகச் சில. 'சனங்கள் விரும்பிப் பார்த்தனர்' என்ற ஒரு வாக்கியத்துடன் அவர்களின் கடமை முடிந்துவிடுகின்றது. சனங்கள் எதை விரும்பினர், எதனை விலக்கினர், விரும்பியதைக் கொண்டு என்ன செய்தனர் என்பன கேட்கப்படாத வினாக்களாகவே உள்ளன.

மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் இவ்வினா அண்மைத் தசாப்தங்களில் ஓர் ஆய்வுத் துறையாகவே வளர்ந்துள்ளது. ஒரு தொலைக்காட்சித் தொடரையோ சித்திரக்கதையையோ விரும்பியவர்கள் அதன் பாத்திரங்களை வைத்துத் தாமே புதிய கதைகள் எழுதுவதும், படங்கள் வரைவதும், விளக்கமும் கண்டனமும் எழுதித் தமக்குள் சுற்றுக்கு விடுவதும் அங்கே கவனத்தைப் பெற்றன. 'ஸ்ரார் ட்ரெக்' தொடரின் இரசிகர்கள் 1967 ஆம் ஆண்டிலேயே தமக்கென ஓர் இதழைத் தாமே அச்சிட்டனர். 1975 டிசம்பரில் தோக்கியோவில், சித்திரக்கதை இரசிகர்கள் தாம் வரைந்த நூல்களைத் தமக்குள் விற்பதற்குக் கூடிய முதற் சந்தையில் 32 குழுக்கள் பங்குபற்றின. பின்னர் அது பல இலட்சம் பேர் கூடும் பெருஞ்சந்தையாயிற்று. அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் 1992 இல் வெளியிட்ட நூலிலே, இரசிகன் கொடுத்ததை வாங்கி விழுங்கும் நுகர்வோன் அல்லன், பிறர் நிலத்துட் புகுந்து தனக்கு வேண்டியதைக் கவர்ந்து வருபவன் என்று வாதிட்டார். அவ்வுருவகத்தை அவர் மிஷேல் டி செர்ட்டோ என்னும் பிரெஞ்சு அறிஞரிடமிருந்து பெற்றார்.

இக்கருத்துகளைப் படித்துவிட்டு நாமும் எமது நாட்டில் அவ்வாறான இதழ்களையும் சந்தைகளையும் தேடப் புறப்படுவோமாயின் ஏமாற்றமே எஞ்சும். கருத்தை இறக்குமதி செய்யும்போது அதன் உதாரணங்களையும் சேர்த்து இறக்குமதி செய்யவேண்டும் என்ற நியதி இல்லை. இரசிகன் படைப்பாளியாகிய வரலாறு எம்மிடம் உண்டு. அது தாளிலே நிகழவில்லை. கொட்டகையிலும் கோயில் வீதியிலும் நிகழ்ந்தது. அவ்வரலாற்றின் தலைமையிடங்களுள் ஒன்று காங்கேசன்துறை. அதனை முன்னிறுத்தி இப்பிரச்சினையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கினால் தமிழகத்தில் ஒரு புதிய நாடகமுறை உருவாயிற்று. திரைச்சீலை, சட்டமிட்ட மேடை, ஆர்மோனியம், மிருதங்கம், கர்நாடக இராகங்களும் இந்துஸ்தானி மெட்டுகளும் கலந்த பாட்டு என்பன அதன் புறக்கூறுகள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அதற்கு நிலையான பாடங்களை வகுத்துக் கொடுத்தார். இசைநாடகம் என்றும் ஸ்பெஷல் நாடகம் என்றும் வழங்கிய இவ்வரங்கு, தமிழகக் குழுக்களின் வருகையோடு ஈழத்திற் கால்கொண்டது. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் போன்றோர் இந்நாட்டு மேடைகளிற் பாடிச் சென்றனர். அவர்தம் குரல்கள் இசைத்தட்டுகளாகவும் வந்துசேர்ந்தன.

இவ்வாறு வந்த கலையை எமது மக்கள் பார்த்துக் களித்ததோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதே இங்கு முதன்மையான செய்தி. பார்த்தவர்கள் பாடம் கேட்டனர். பாடம் கேட்டவர்கள் சபை அமைத்தனர். யாழ்ப்பாணத்து இசைநாடக மரபு முழுவதும் இரசிகராகத் தொடங்கியோர் கட்டிய மாளிகையே எனல் மிகையாகாது. காங்கேசன்துறையிற் பிறந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அம்மாளிகையின் மிக உயர்ந்த மாடத்தில் நின்றவர். அவர் நிறுவிய வசந்த கான சபா ஈழத்தின் பல பாகங்களிலும் நாடகங்களை அளித்தது. அவருடைய 'அரிச்சந்திர மயான காண்டம்' மூவாயிரத்துக்கு மேற்பட்ட தடவைகள் மேடையேறியதாகக் கூறப்படுகின்றது. அவ்வெண்ணிக்கையைத் துல்லியமாகக் கணக்கிட்டவர் எவருமிலர் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே நாடகத்தை ஒரு சமூகம் தலைமுறை கடந்து திரும்பத் திரும்பக் கேட்டு அழைத்தது என்ற உண்மை அதனாற் குறைந்துவிடாது.

காங்கேசன்துறையின் சமூக அமைப்பையும் இங்கு மனங்கொள்ள வேண்டும். அது ஒரு துறைமுகம். 1905 இல் நிறைவுற்ற வடபகுதிப் புகையிரதப் பாதையின் கடைசித் தரிப்பிடம். 1950 ஆம் ஆண்டு முதற் சீமெந்துத் தொழிற்சாலையினால் ஒரு தொழிலாளர் பட்டினமாகவும் மாறிய ஊர். அயலிலே கீரிமலை, மாவிட்டபுரம் ஆகிய தலங்கள், சுற்றிலும் செம்மண் தோட்டங்கள், முன்னே கடல். கடற்றொழிலாளரும் தோட்டக்காரரும் துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் அடுத்தடுத்து வாழ்ந்த இத்தகைய இடத்திலே, இரவு முழுவதும் நிலத்திற் பாய்விரித்திருந்து பார்க்கும் ஒரு கலை செழித்தமை தற்செயலன்று.

இரசிகன் படைப்பாளியாவதற்கு இன்னொரு பாதையும் இருந்தது. அதனையும் ஒப்புநோக்குதல் வேண்டும். கலையரசு க. சொர்ணலிங்கம் (1889–1982) பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்களிலே ஈடுபாடு கொண்டு, கொழும்பில் 1913 இல் இலங்கைச் சுபோத விலாச சபையைத் தொடக்கினார். அதன் பெயரே சென்னைச் சுகுண விலாச சபையை நினைவூட்டுவது. அவரும் இரசிகராக இருந்து கலைஞரானவரே. ஆயின் அவ்வழி ஆங்கிலங் கற்ற மத்தியதர வர்க்கத்தின் வழி. அச்சிட்ட பிரதி, ஒத்திகை, நேரக் கட்டுப்பாடு, மூலத்துக்கு விசுவாசம் என்பன அதன் ஒழுக்கங்கள். காங்கேசன்துறை வழியோ செவிவழிப் பாடத்தையும் மேடையிற் பிறக்கும் கற்பனையையும் ஆதாரமாகக் கொண்டது. முன்னையது தான் விரும்பியதை அப்படியே பேண முயன்றது. பின்னையது தான் விரும்பியதைத் தன்னுடையதாக்க முயன்றது. இரசனையின் இவ்விரு குணங்களும் வர்க்க நிலைகளோடு தொடர்புடையன என்பதை நாம் அழுத்திக் கூற விரும்புகிறோம்.

3

இரசிகர்தம் ஆக்கத்திறன் முதலில் வெளிப்படுவது தெரிவிலே. ஒரு பெருங்கதையில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்ற தீர்ப்பு விமர்சனத்தின் முதற்படி அல்லவா?

அரிச்சந்திரன் கதை மிக நீண்டது. வீரகவிராயர் பாடிய அரிச்சந்திர புராணத்திலே இந்திரசபையும், வசிட்டர் விசுவாமித்திரர் வாதமும், அயோத்தியின் சிறப்பும், திருமணமும், வேட்டையும் விரிவாக இடம்பெறுகின்றன. இக்கதை இந்தியா முழுவதும் மேடையிற் புகழ் பெற்றது. சிறுவனாயிருந்த காந்தியடிகள் அரிச்சந்திர நாடகமொன்றைப் பார்த்துவிட்டு, அதனைத் தம் மனத்துக்குள் எண்ணற்ற தடவை நடித்துப் பார்த்ததாகத் தமது வரலாற்றிற் கூறியுள்ளார். தாதாசாகேப் பால்கே 1913 இல் எடுத்த திரைப்படமும் இக்கதையையே பொருளாகக் கொண்டது. காந்தியடிகள் மனத்துள் நடித்த நாடகத்தையே காங்கேசன்துறைக் கலைஞர் ஊரறிய நடித்தனர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. காந்தியடிகளுக்கு அது சத்தியத்தின் கதை. எமது மேடையிலோ அது மயானத்தின் கதையாயிற்று.

முழுக்கதையுள் மயான காண்டம் மாத்திரம் தனித்தெடுக்கப்பட்டு ஒரு நாடகமாக நிலைபெற்றமையை எமது விமர்சகர்கள் போதிய அளவு சிந்திக்கவில்லை. அரண்மனை நீங்கியது, இந்திரசபை பின்னே ஒதுங்கியது, எஞ்சியது சுடலை. அச்சுடலையிலே முன்னாள் அரசன் வீரவாகுவின் அடிமையாக நின்று காவல் காக்கிறான். பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைச் சுமந்து சந்திரமதி வருகிறாள். பிள்ளையை எரிப்பதற்குக் கால்பணமும் முழத்துண்டும் கேட்கிறான் காவலாளி. கேட்பவன் கணவன் என்று அவளுக்குத் தெரியாது. தருவதற்கு அவளிடம் ஒன்றுமில்லை. இந்த ஒரு கட்டத்துக்காகவே மக்கள் விடியும் வரையும் காத்திருந்தனர்.

இத்தெரிவின் பொருள் என்ன? சோகச்சுவையில் எமது மக்களுக்கு இயல்பாகவே விருப்பம் அதிகம் என்று கூறி அமைதல் எளிது. ஆயின் அது விளக்கமாகாது. சோகமான கட்டங்கள் இக்கதையில் வேறும் உள. மனைவியையும் மகனையும் விலைகூறி விற்கும் கட்டமும் சோகமானதே. மயானம் தெரிவுசெய்யப்பட்டமைக்கு வேறொரு காரணமும் உண்டென நாம் கருதுகிறோம். மானுட உறவுகள் யாவும் கூலி, வரி, கட்டணம் என்ற கணக்குகளாகிவிடும் இடம் அது. செத்த பிள்ளைக்கும் வரி உண்டு. அதைக் கேட்பவன் கொடியவனல்லன். அவனும் ஓர் அடிமை. எசமானின் பங்கை விட்டுக்கொடுக்க அவனுக்கு உரிமையில்லை. கூலிக்கு உழைத்தோரும் குடிமைக்குக் கட்டுண்டோரும் நிறைந்திருந்த ஒரு சபைக்கு இக்கட்டம் புராணமாக மாத்திரம் தோன்றியிராது.

அடுத்து, அரசன் ஒருவன் சுடலை காப்போனின் கீழ் அடிமையாக நிற்கும் காட்சியை நோக்குக. அன்றைய யாழ்ப்பாணச் சமூக அடுக்குமுறையிலே நினைக்கவும் முடியாத ஒரு தலைகீழாக்கம் இது. வீரவாகு ஆணையிடுகிறான், சூரியகுலத்து மன்னன் பணிகிறான். கதையின் மேற்பரப்பில் இது மன்னன் அடைந்த இழிவாகச் சொல்லப்படுகின்றது. ஆயினும் மேடையிலே கண்முன் நிற்பது ஆணையும் பணிவும் இடம்மாறிய காட்சியே. பாடம் சொல்வது ஒன்று. காட்சி சொல்வது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியிலேதான் இரசிகன் தன் கருத்துரையை எழுதிக்கொள்கிறான்.

4

இரண்டாவதாக, இசைநாடகத்தின் அமைப்பே இரசிகனது தலையீட்டுக்கு இடமளிப்பது. தமிழகத்து ஸ்பெஷல் நாடக முறையில் வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையின்றியே ஒரே மேடையிற் சந்திப்பர். பாடம் எல்லோருக்கும் பொதுச்சொத்தாக மனத்திலிருப்பதனால் இது சாத்தியமாகின்றது. பாடம் பொதுவாக இருக்க, தர்க்கப் பாட்டுகளிலும் வசனங்களிலும் நடிகரின் சொந்தக் கற்பனை விளையாடும். வள்ளிக்கும் வேலனுக்கும் நிகழும் வாதம் எத்தனை நாழிகை நீளும் என்பதை நூல் தீர்மானிப்பதில்லை. நடிகரின் வித்துவமும் சபையின் உற்சாகமும் சேர்ந்தே தீர்மானிக்கும். பபூன் என்னும் நகைச்சுவைப் பாத்திரத்துக்கோ எழுதிய பாடம் மிகக் குறைவு. அன்றைய விலைவாசியும் ஊர்ச்செய்தியும் அவன் வாயிலாகவே புராணத்துக்குள் நுழையும்.

இந்நெகிழ்ச்சி அரசியலுக்கும் வழிசெய்தது. தமிழகத்திலே எஸ். எஸ். விசுவநாத தாஸ் (1886–1940) முருகனாகத் தோன்றும் வள்ளி நாடகத்தில், தினைப்புனத்திற் பறவை ஓட்டும் கட்டத்தைப் பயன்படுத்தி, வெள்ளை நிறக் கொக்குகள் மீது பாடுவதுபோல வெள்ளையராட்சியைச் சாடினார். மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய அப்பாடலைக் கேட்ட சபைக்கு எந்தக் கொக்கு என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. பலமுறை சிறைசென்ற அக்கலைஞர் தமது பிறப்பின் காரணமாகச் சக நடிகர் சிலராலேயே ஒதுக்கப்பட்டவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. பழைய கதையைக் கெடுக்காமலே அதற்குட் புதிய பொருளை வைக்கும் இவ்வித்தையை மேடைக்குக் கற்பித்தது இசைநாடகத்தின் திறந்த அமைப்பேயாகும்.

ஈழத்துச் சபையும் வாளாவிருந்த சபையன்று. விரும்பிய பாட்டை 'வன்ஸ் மோர்' என்று கேட்டு மீண்டும் பாடுவித்தது. இராகம் பிசகினால் உடனே முணுமுணுத்தது. முன்னைய நடிகரோடு இன்றைய நடிகரை ஒப்பிட்டு, மறுநாட் காலையிலே தேநீர்க்கடையிலும் ஒழுங்கையிலும் தீர்ப்பு வழங்கியது. இத்தீர்ப்புகள் அச்சேறாத விமர்சனங்கள். அவற்றுக்கு அளவுகோல் இருந்தது; முன்னுதாரணம் இருந்தது; கருத்து முரண்பாடும் இருந்தது. விமர்சனம் என்ற சொல்லுக்கு நாம் கற்பிக்கும் இலக்கணங்கள் யாவும் அங்கே இருந்தன. இல்லாதிருந்தவை கையொப்பமும் காகிதமும் மாத்திரமே. நூறு மயான காண்டங்களைப் பார்த்த ஒருவரது செவியிலே, எந்தப் பத்திரிகை விமர்சகரும் பெற்றிராத ஒப்பியல் அறிவு இருந்தது என்பதை ஏற்பதற்கு நமது கல்வியகங்கள் தயங்குதல் ஆகாது.

5

ஜென்கின்ஸ் கூறும் உருவகத்திலே, நிலம் பிறருடையது. இரசிகன் வேலி கடந்து புகுகிறான். அவ்வேலி பெரும்பாலும் பதிப்புரிமை, வணிக நிறுவனம் என்பன இட்ட வேலி. எமது இசைநாடகத்திலோ பாடம் யாவர்க்கும் பொது. சங்கரதாசர் பாட்டைப் பாட எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அவ்வாறாயின் எமது நிலத்தில் வேலியே இல்லையா?

இருந்தது. அது சாதி வேலி. யாழ்ப்பாணத்து இசைநாடக அரங்கை வளர்த்தோருட் பலர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களின் பாட்டைக் கேட்க எல்லா வீதிகளும் திறந்திருந்தன. அவர்கள் சமமாக நடமாட எல்லா வாசல்களும் திறந்திருக்கவில்லை. இரவில் அரசனாகவும் முருகனாகவும் போற்றப்பட்டவர், விடிந்ததும் தமக்கு விதிக்கப்பட்ட இடத்துக்குத் திரும்பவேண்டியிருந்தது. இந்நிலையிலே 'பக்த நந்தனார்' போன்ற நாடகத்தை நோக்குமிடத்து அதன் கூர்மை புலப்படும். கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாடிய நந்தன் கதை, கோயில் வாசலில் நின்று உள்ளே செல்ல ஏங்குபவனின் கதை. வைரமுத்துவின் சபையும் அதனை மேடையேற்றியது. கோயில் வீதியிலே, கோயிலுக்குட் செல்ல இயலாதோரும் கூடியிருந்த சபையின்முன் நந்தன் பாடும்போது, பாடல் பழையதாயினும் கேள்வி அன்றையதேயாகும்.

காங்கேசன்துறைக்கு அயலிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் 1968 இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் வெடித்தது. மேடையிலே குறிப்பாகச் சொல்லப்பட்டது இப்போது வீதியிலே நேராகக் கேட்கப்பட்டது. அப்போராட்டத்தின் பேறாக என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' நாடகம் பிறந்தது. காத்தவராயன் கூத்தின் சிந்துநடை மெட்டுகளை அது கையாண்டது. குழந்தை முதற் கிழவர் வரை யாவரும் அறிந்த மெட்டுகள் அவை. நேர்த்திக்கடனுக்காக ஊரூராக ஆடப்பட்ட கூத்து அது. அந்தப் பழகிய குரலில், தெய்வப் பாத்திரங்களையே கோயில் வாசற் பிரச்சினைக்குட் கொண்டுவந்து நிறுத்தியது கந்தன் கருணை. பின்னர் அ. தாசீசியஸின் நெறியாள்கையில் அம்பலத்தாடிகள் குழுவினர் அதனை நவீன அரங்காக்கினர்.

மக்கள் தாம் நேசித்த ஆட்டத்தின் மெட்டை எடுத்து, அவ்வாட்டம் சொல்லாத செய்தியை அதற்குள் வைத்தமைக்கு இதனினும் தெளிவான சான்று எமது நாடக வரலாற்றில் இல்லை. மெட்டுப் பழையது ஆதலாற் கேட்போர் உள்ளே வந்தனர். பொருள் புதியது ஆதலாற் கேட்டவர்கள் வேறாகி வெளியே சென்றனர். இரசிகர்தம் ஆக்கம் வெறும் விளையாட்டு என்று கருதுவோர் மாவிட்டபுரத்தின் வாசலையும் இந்நாடகத்தையும் சேர்த்து நோக்குவாராக.

6

இவ்வளவும் கூறியதனால் இரசிகனைப் போற்றிப் பாடுவதே எமது நோக்கம் என்று கொள்ளற்க. இம்மரபின் குறைகளையும் கூறுதல் விமர்சனத்தின் கடமை.

முதலாவது, மயான காண்டத்தின் கருத்துநிலை. அரிச்சந்திரனின் சத்தியம் எசமானுக்குக் கொடுத்த வாக்கில் வழுவாமை. அவன் அடிமைத்தனத்தை எதிர்ப்பவனல்லன். அதனை மிக நேர்மையாக நிறைவேற்றுபவன். மனைவியையே வெட்டும்படி கட்டளை வந்தபோதும் வாளை ஓங்குகிறான். தெய்வம் தோன்றி யாவற்றையும் சீராக்குகிறது. மன்னன் மீண்டும் மன்னனாகிறான். சுடலையோ சுடலையாகவே எஞ்சுகிறது. கண்ணீர் விட்ட சபை அக்கண்ணீரோடு ஆறுதலும் அடைந்து வீடு திரும்புகிறது. முன்னே நாம் குறிப்பிட்ட தலைகீழாக்கம் விடியுமுன் நிமிர்த்தி வைக்கப்படுகின்றது. ஆகவே இந்நாடகத்தை மறைமுகப் புரட்சி என்று பெயரிடுதல் மிகைக்கூற்று. அது ஒரு கேள்வியை எழுப்பிவிட்டு மூடிவிடுகின்றது. மூடிய பின்னரும் கேள்வி மனத்தில் நிற்கிறதா என்பது பார்த்தவரின் வாழ்நிலையைப் பொறுத்தது.

இரண்டாவது, விருப்பம் வழிபாடாகும் ஆபத்து. கலைஞனைத் திரும்பத் திரும்ப ஒரே பாத்திரத்தில் வேண்டிய அதே இரசிகர் கூட்டம், அவன் புதியதைத் தேடும் வாய்ப்பையும் சுருக்கியது எனலாம். மூவாயிரம் மேடை ஒரு பெருமையாயின் அது ஒரு சிறையுமாகும். தமிழகத்தில் நட்சத்திர நடிகர்களைச் சூழ்ந்தெழுந்த இரசிகர் மன்றங்கள் இவ்வாபத்தின் முற்றிய வடிவம். அங்கே இரசிகனின் உழைப்பு உண்டு. சுவரொட்டியும் தோரணமும் உண்டு. அவற்றுட் கைத்திறனும் உண்டு. ஆயினும் கருத்துரைக்கும் உரிமை பெரும்பாலும் கைமாறிவிடுகின்றது. நேசித்த பொருளைத் திருத்த முனையும் நேசமும், அதன்முன் கைகட்டி நிற்கும் நேசமும் ஒன்றல்ல.

மூன்றாவது குறை எம்முடையது, கல்வியுலகத்தினுடையது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964) முதலியவற்றின் மூலம் நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்து அதற்கு மதிப்பளித்தார். அப்பணியின் பெருமை என்றும் குன்றாது. அவர் காங்கேசன்துறைக்கு அணித்தான தெல்லிப்பழைப் பகுதியைச் சேர்ந்தவர். வைரமுத்து பிறந்த 1924 ஆம் ஆண்டிலேயே பிறந்து, அவர் மறைந்த 1989 இலேயே மறைந்தவர். ஒரே மண்ணும் ஒரே காலமும் ஈந்த இருவர். எனினும் கூத்துக்கு வாய்த்த ஆராய்ச்சிக் கவனம் இசைநாடகத்துக்கு அதே அளவில் வாய்க்கவில்லை. கூத்து எமது மண்ணின் மரபு, இசைநாடகமோ இந்தியாவிலிருந்து வந்த இரவற் சரக்கு என்ற எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் தவறானது. மூலம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டு ஒரு கலையின் உரிமையைத் தீர்ப்பதாயின் எந்தக் கலையும் எவருக்கும் உரியதாகாது. அதனைக் கொண்டு இம்மக்கள் என்ன செய்தார்கள் என்பதே அளவுகோலாதல் வேண்டும். இரசிகனின் ஆக்கத்தைக் கணக்கில் எடுக்காத ஆராய்ச்சி இத்தவற்றிலிருந்து மீள இயலாது.

7

இவ்வாராய்ச்சி இன்று அவசரமானதாவதற்குத் தனிக்காரணம் உண்டு. வைரமுத்து மறைந்து ஓராண்டுக்குள், 1990 நடுப்பகுதியில், காங்கேசன்துறை மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று, சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, புகையிரதமும் நின்றது. 2009 இற் போர் முடிவுற்றபின் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. 2015 இற் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடியது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து கப்பலும் வந்தது. பாதைகள் மீண்டன. ஆயினும் ஒருங்கே பாய்விரித்திருந்த சபை அவ்வாறே மீளவில்லை. அது முகாம்களிலும் வன்னியிலும் கொழும்பிலும் கடல் கடந்த நகரங்களிலும் சிதறியது.

கலைஞன் மறைந்தாலும் ஒலிப்பதிவு சிறிதளவு எஞ்சும், அவனது புகைப்படம் எஞ்சும், சீடர்கள் பாடுவர். இசைநாடகம் இன்றும் யாழ்ப்பாணத்தில் மேடையேறுகின்றது என்பது ஆறுதல். ஆயின் சபையின் நினைவுக்கு ஒலிப்பதிவு இல்லை. எந்த இடத்திற் சபை சிரித்தது, எந்தப் பாட்டை மீண்டும் கேட்டது, பபூன் எந்த ஆண்டில் எதைக் கேலி செய்தான், அரிச்சந்திரன் கால்பணம் கேட்டபோது முன்வரிசையில் யார் எழுந்து என்ன சொன்னார் என்பன யாவும் முதியோர் சிலரின் நெஞ்சிலேயே உள்ளன. நாடகப் பிரதிகளைத் தேடிப் பதிப்பிக்கும் நாம், அப்பிரதிகளை வாழ்வித்த செவிகளைத் தேடவில்லை. பாடத்தின் பாதி மேடையில் இருந்தது. மறுபாதி எதிரே இருந்தது. ஒரு பாதியை மாத்திரம் பதிப்பித்து முழுநூல் என்று கூறுதல் தகுமா?

இன்றைய இளந்தலைமுறையினர் தாம் விரும்பும் திரைப்படக் காட்சிகளை வெட்டி ஒட்டியும், பாத்திரங்களுக்குப் புதிய வசனம் கொடுத்தும், எள்ளலும் விளக்கமும் சேர்த்தும் கைப்பேசிகளிலே பரப்புகின்றனர். மூத்தோர் சிலர் இதனைப் பண்பாட்டுச் சீரழிவு என்று கடிந்துகொள்கின்றனர். பழகிய பாத்திரத்தின் வாயிற் புதிய பேச்சை வைக்கும் தொழில் பபூனின் தொழிலே என்பதை அவர்கள் மறந்துவிட்டனர். ஆனால் அன்றைய மேடைக்கும் இன்றைய திரைக்கும் முக்கியமான வேறுபாடொன்று உண்டு. அன்று இரசிகனின் கருத்துரை அவனது அயலவரிடமே போய்ச் சேர்ந்தது. பொருளும் பயனும் ஊருக்குள்ளே சுழன்றன. இன்று அவனது உழைப்பைச் சேகரித்து விற்பவை பெரும் நிறுவனங்கள். வேலி மீண்டும் வந்திருக்கிறது. இம்முறை கண்ணுக்குத் தெரியாத வேலியாக. இந்த இளைஞரின் ஆக்கத்தை மதிப்பிட முனையும் விமர்சகன் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். மூலத்திலிருந்து எதைத் தெரிவுசெய்தார்? தெரிவுசெய்ததற்கு எப்பொருளை ஏற்றினார்? அவ்வாறு ஆக்கியது யாருக்குப் போய்ச் சேர்ந்தது? இவ்வினாக்களையே நாம் மயான காண்டத்திடமும் கந்தன் கருணையிடமும் கேட்டோம்.

தமிழ்ச் சங்கங்கள் செய்யத்தக்க பணியொன்றைக் கூறி இக்கட்டுரையை நிறைவு செய்கிறோம். காங்கேசன்துறையிலும் அதன் அயலிலும் வாழ்ந்து இன்று பலவிடங்களிலும் வாழும் முதியோரிடம் மாணவர்கள் செல்ல வேண்டும். 'நீங்கள் நடித்தீர்களா?' என்று கேட்டால் இல்லையென்று கூறிப் பலர் வாய்மூடுவர். 'நீங்கள் பார்த்தீர்களா?' என்று கேட்கவேண்டும். பின்னர், பார்த்ததில் எதைப் பாடுவீர்கள் என்று கேட்கவேண்டும். அவர் பாடத் தொடங்கும் இடமே அவர் அந்த நாடகத்துக்கு எழுதிய உரையின் முதல் வரி. அதனைப் பதிவுசெய்வதற்கு எஞ்சியுள்ள காலம் நீண்டதன்று.